பயன்பாட்டுச் சான்றிதழ்

படிவத்தில் பதினோராவது கட்டம்:
கோடைகால ரோபாட்டிக்ஸ் ஆய்வுப் பயிற்சியின் விளைவு,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.

மோட்டார் நான்கு. பேட்டரி இரண்டு,
அதில் ஒன்று உப்பிப்போய் மணல் வாளியில் கிடக்கிறது.
மாணவர் ஐந்து பேர். ஒருத்தன் மூன்றாம் நாளே
நேர்காணல் என்று பெங்களூருக்குப் பஸ் ஏறினான்.
உதவித்தொகை இன்னும் வரவில்லை.
மெஸ் பாக்கியை என் சம்பளத்தில் கட்டியதற்கு
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மே மாதம், லேப்பின் டைல்ஸ் தரையில்
வண்டி பூனை மாதிரி ஓடியது.
பிரதோஷ் வீடியோ எடுத்து
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

பொள்ளாச்சிக்கு வெளியே நார் மில் களத்தில்
நாலாவது நிமிடம் நின்றது.
சக்கர அச்சில் தேங்காய் நார்,
பம்பரக் கயிறு போல இறுக.
காய்ந்த நாரைப் புரட்டிக்கொண்டிருந்த ராசாமணி
வாரியை ஊன்றி நின்று கேட்டார்:
"இதுக்கு நாளைக்கு எத்தனைங் கூலி?"
யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

அப்புறம் ஐந்து வாரம்.
நவிதா பிளேடால் நாரை அறுத்து அறுத்து
நீளம் அளந்து நோட்டில் எழுதினாள்.
நாலு நிமிடம். ஏழு. மறுபடி நாலு.
அப்சல் அச்சுக்கு ஒரு மூடி வரைந்தான்.
கணபதி லேத் பட்டறையில் போன் எடுத்தவர்,
"அரை மில்லி கம்மியாக் கடைஞ்சுட்டேனுங்,
பரவால்லீங்களா?" என்றார்.
வேறு வழி? பரவாயில்லை என்றேன்.

அந்த அரை மில்லி இடுக்கு வழியே
நார் வழுக்கி வெளியே வந்தது.
இருபத்தாறு நிமிடம்!

மெர்லின் அறிக்கையில் அதை
வடிவமைப்பு முடிவு என்று எழுதியிருந்தாள்.
அடித்துவிட்டு, கடைசல் பிழை என்று எழுதச் சொன்னேன்.
அழுதாள். எழுதினாள்.
அன்று சாயங்காலம் என்னிடம் பேசவில்லை.

கடைசி நாள் மேற்கே சாரல் திரண்டு வர
நாற்பத்தொரு நிமிடம் ஓடி மூன்று வரிசை புரட்டியது.
மிச்சக் களத்தை ராசாமணி வாரி
தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்.

பதினோராவது கட்டத்தை நிரப்பிவிட்டேன்.
நாற்பத்தொன்று இருக்கிறது, அரை மில்லி இருக்கிறது.
கூலிக் கேள்விக்கு இடம் போதவில்லை.
அதை நவிதா தன் நோட்டில்
நார் நீளங்களுக்குக் கீழே
அலகு போடாமல் எழுதி வைத்திருக்கிறாள்.

இணைப்பு மூன்று: ஆய்வுக் குறிப்பேடு.
ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கிறேன்.
பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு நார்
அந்த வரியின் மேல்
கறுப்புக் கோடாக விழுகிறது.