பத்து கஜத் தொட்டி

பத்தா, இருபதா என்று கேட்டான் போனில்,
துணிக்கடைக்காரன் மாதிரி.
பத்து என்றேன்.
"எல்லாரும் இருபதுதான் எடுப்பாங்க மேடம்,
அறுபது டாலர்தானே கூட."

எல்லாரும் எடுப்பதை எடுத்துத்தான்
ஈரி நகரில் இந்த வீட்டை வாங்கினோம்,
ராய்ஸும் நானும்.
இப்போது ராய்ஸ் படகோடு சண்டஸ்கியில்.
எனக்குப் படுக்கையறைச் சுவர்,
அதன் விரிசல்,
தவணை.

பத்து என்றேன் மறுபடியும்.
சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய் வரட்டும், வாடகை குறைவு.
தெருவில் வைக்காதே, நகராட்சி பர்மிட்டுக்குப் பணம் கேட்கும்.
என் வாசலிலேயே இறக்கு.
சக்கரத்துக்கு அடியில் பலகை நான் போட்டு வைக்கிறேன்,
சிமெண்ட் உடைந்தால் அதுவும் என் தலையில்.

நாலாயிரம் பவுண்டு வரை அவர்கள் கணக்கு.
அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டும் என் கணக்கு.

சுவர் பழைய காரைச் சுவர்.
பாதித் தொட்டி நிரம்பும் முன்பே
எடை முழுசாகிவிடும் என்று
முதல் நாளே தெரிந்துவிட்டது.
குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.
வாளியோடு ஏறினேன், எண்ணைப் பார்த்தேன்,
என்னைக் கழித்தேன்.
மிச்சம் குப்பை.
நூறு தடவை என்னைக் கழித்தேன் அந்த வாரம்.

எதிர்வீட்டு செல்மா ஹாஜிச் வந்து எட்டிப் பார்த்தாள்.
அவளிடம் ஐந்து அறைக் கம்பளம்,
சுருட்டினாலும் அடங்காத ஊதா நிறம்.
என்னிடம் எடை தின்னும் சாமான்,
அவளிடம் இடம் தின்னும் சாமான்.
வாசற்படியில் உட்கார்ந்து
பால் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.
வாடகையில் பாதி அவள்.
காபியும் அவள்தான் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

குளிக்கும் தொட்டி வார்ப்பிரும்பு.
பழைய இரும்பு வாங்கும் டிவெய்ன் என்பவனுக்கு
ஒரே ஒரு போன்.
வந்தான், தூக்கினான், இருபது டாலர் கையில் கொடுத்தான்.
முந்நூறு பவுண்டு வாசலைவிட்டு நடந்தே போயிற்று.

வியாழன் இரவு ஏரிப் பக்கமிருந்து மழை.
கம்பளம் தண்ணீர் குடிக்கும்.
குடித்த தண்ணீருக்கும் காசு.
நைட்டியோடு ஓடினேன், நைட்டியோடு அவளும் ஓடிவந்தாள்,
ஆளுக்கொரு முனை தார்ப்பாய்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
எங்கள் குப்பைக்கு மேல்
யாரோ ஒருவருடைய மெத்தை,
ராணி மாதிரி மல்லாந்து.

மெத்தைக்குத் தனிக் கட்டணம், முப்பத்தைந்து.
செல்மா தன் மொழியில் ஏதோ சொன்னாள்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
இழுத்துக் கீழே போட்டோம்.
காலையில் மூன்றாவது வீட்டு லைல் ஓக்ரஸ்கி
பேச்சே இல்லாமல் வந்து தூக்கிக்கொண்டு போனார்,
முதுகில் தன் தூக்கத்தைச் சுமந்தபடி.

கடைசிக்கு ஒன்று வைத்திருந்தேன்.
ராய்ஸின் பௌலிங் பந்து.
விரலுக்கு மூன்று ஓட்டை, பெயர் பொறித்தது,
பதினாறு பவுண்டு.
எல்லாவற்றுக்கும் மேலே அதை
நானே வீச வேண்டும்,
ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்று.

வெள்ளி காலை என் நோட்டு சொன்னது:
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து.
மழையைச் சேர்க்காமல்.
லாரி திருப்பத்தில் வந்துவிட்டது.
பந்து என் மடியில்.
செல்மா என்னைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள்.
"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.
நான் அதை உள்ளே கொண்டுபோனேன்.

பத்து நாள் கழித்துப் பில் வந்தது.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
அபராதம் இல்லை.
செல்மா தன் பாதியைச் சில்லறை உட்பட எண்ணி வைத்தாள்.

பந்தைப் போட்டிருக்கலாம்.
போட்டும் நாலு பவுண்டு மிஞ்சியிருக்கும்.

புதுச் சுவர் நேராக நிற்கிறது.
படுக்கையறைக் கதவுதான் தானாகச் சாத்திக்கொள்கிறது.
கதவு நிறுத்தி கடையில் ஏழு டாலர்.
அதனால் அது அங்கே இருக்கிறது,
பெயர் சுவர்ப் பக்கம் திரும்பி.