ஓடுமா

"ஓடுமா?" என்றார் முதலாளி.
"ஓடும்" என்றேன்.

பொய்யில்லை.
பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய பம்ப்,
தகடு தெரியத் தேய்ந்த லைனிங்,
பின் டயரில் நூல்.
ஹோஸ் கசிந்த இடத்தில்
ரப்பர் நாடா சுற்றிவிட்டேன்,
புண்ணுக்குப் பழந்துணி கட்டுகிறமாதிரி.
துறைமுகத்தில் கொள்கலன் கிடக்கிறது,
பிந்தினால் நாள் வாடகை.

நிலாம்தீன் மட்டும்
பிறேக்கை இரண்டு தரம் மிதித்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தான்.
நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருகொடவத்தை மேம்பாலத்து இறக்கம்.
காலை ஆறேகால்.
சிவப்பு விளக்கில்
ஒரு பாண் ஓட்டோ.

நான் போய்ச் சேர்ந்தபோது
தார் முழுக்க மாலு பணிஸ், கண்ணாடித் தூள்,
ஒற்றைச் செருப்பு.
நசுங்கிய கூரைக்குள்ளிருந்து
பாண்காரனின் அந்தப் பாட்டு
திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப.
பொலிஸ்காரர் ஒருவர் கையை விட்டுத் துழாவி
வயரைப் பிடுங்கினார்.

ஓடியது, முதலாளி.
கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னேன்.
நிற்குமா என்று
நீங்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரி, விபத்துப் பிரிவு.
மயக்கத்தில் கிடக்கிறான் நிலாம்தீன்.
போர்வைக்குள் அவன் வலது கால்
இன்னும்
மிதிக்கிறது.