பக்கம் 112, வரி 9

எனிட் வீரசம்மியின் நாவலில்
தாமிரபரணி வடக்கே ஓடுகிறது.
நான் அதைக் கிழக்கே திருப்பினேன்,
ஒரே சொல்லில்,
பெருமாள்புரத்தில் கரண்ட் போன ஓர் இரவில்.
மொழிபெயர்ப்பவனுக்கு அவ்வளவு உரிமை உண்டு.
பாவம், அவர் பார்த்ததில்லையே.

பெர்பீஸ் ஆற்றங்கரையில் பிறந்தவர்.
சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்த அப்பா
சம்பளப் பதிவேட்டுக்குள் வீரசாமியாகப் போய்
குமாஸ்தா பேனாவில் வீரசம்மியாக வெளியே வந்தார்.
மகளுக்குப் பத்தொன்பதில் கப்பல்.
லண்டனில் ஒரு தொப்பிக் கம்பெனியில் பில் அடிக்கும் வேலை.
முதல் நாவல் முழுக்க அந்த பில்களின் முதுகில்.
அத்தியாயங்கள் குட்டையானது அதனால்தான்;
விமர்சகர்கள் சிக்கனம் என்று புகழ்ந்தார்கள்.
பதினோரு பேர் திருப்பி அனுப்ப,
பன்னிரண்டாமவர் கேட்டார்:
இன்னும் கொஞ்சம் வெயில் சேர்க்க முடியுமா?
சேர்த்தார். வாடகை கட்ட வேண்டியிருந்தது.

ஏழு நாவல். நாலு இப்போது அச்சில் இல்லை.
ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே
பதினான்கு வருடம்,
எந்தப் பேட்டியிலும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.
அறுபத்து நாலில் ஒரு பரிசு.
அந்தப் பணத்தில் பல் கட்டிக்கொண்டார்.

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில்
முதல்வர் ரோஜா மாலையும் கையுமாக
பூர்வீக மண், தொப்புள்கொடி என்று தழுதழுத்தார்.
இவரும் அழுவார் என்று
வீடியோக்காரர் கிட்டத்தில் வந்தார்.
கழிப்பறை எங்கே என்று கேட்டார் எனிட்.

மறுநாள் காலை ஏழு மணி.
சுலோசனா முதலியார் பாலம்.
டவுன் பஸ் போகும்போதெல்லாம் அதிரும் கைப்பிடிச் சுவரில்
சாய்ந்து,
தண்ணீர் போகும் திசை பார்த்து நின்றார்.
அவரது வலது கன்னத்தில் வெயில்.

வலது கன்னத்தில்.

இருபத்தாறு வருடமாகத் தினம் இரண்டு தடவை
இதே பாலத்தைக் கடக்கிறேன்.
மேற்கே மலை, கிழக்கே கடல் என்று
அஞ்சாம் வகுப்பில் நான் படித்ததை
ஆறும் படித்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.
அது என்னவென்றால்
ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவில்
தன்பாட்டுக்கு
வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை.
கட்டிய பல் தெரியச் சிரித்தார்.
"எனக்கு மட்டும் என்ன தெரியும்?
பார்க்காத ஆற்றுக்குள் என் ஊர் ஆற்றை ஊற்றினேன்.
அது வடக்கேதான் போகும்.
சரியாக அமைந்தது தற்செயல்."
கொஞ்சம் கழித்து,
"தப்பாகவே இருந்தாலும்
அது என் தப்பு, இல்லையா?"

அறுநூறு பிரதி அச்சாகியிருந்தது.
சவரிராயன் வாய்க்கு வந்தபடி ஏசினார்,
பிறகு அவரே விரல் அகலத்தில் சீட்டு அடித்துக் கொடுத்தார்.
தெற்கு பஜார் மாடியில் இரண்டு சாயங்காலம்
உட்கார்ந்து ஒட்டினேன்:
'கிழக்கே' என்பதை 'வடக்கே' என வாசிக்கவும்.

நானூற்றுச் சொச்சத்தில் பசை தீர்ந்துபோயிற்று.
மீதிப் பிரதிகளில் ஆறு
கிழக்கேதான் ஓடுகிறது.
உங்களிடம் இருப்பது எதுவோ.