கணியம்

கடியபட்டணத்துக்குத் தெற்கே
வள்ளத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால்
கரை ஓர் உடைந்த தாடை.
கரும்பல், செம்மண் ஈறு,
இடுக்கில் நுரை.

முட்டத்துக் குன்று இத்தனை சிவப்பென்று
கடலில் நின்றால்தான் தெரியும்.
கச்சான் மழை அறுத்த ஓடைகள்
உச்சியிலிருந்து அலைவரை.
விளிம்பில் ஒரு தாழை,
பாதி வேர் மண்ணில், பாதி காற்றில்,
எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவெடுக்காமல்.

நாங்கள் அழகுக்காகப் பார்ப்பதில்லை.
கலங்கரை விளக்கின் இடுப்பில்
மூன்றாம் பாறையின் நெற்றி பொருந்த வேண்டும்.
கோயில் கோபுரத்துக்குப் பின்னால்
பூனைமுதுகு மலையின் வால் ஒளிய வேண்டும்.
இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்
பத்துப் பாகம் கீழே
ஒற்றைக்கண் பார்.
கலவா மீனின் வீடு.
ஜிபிஎஸ் வைத்திருப்பவனுக்கு அது ஓர் எண்.
எங்களிடம் எண் இல்லை.

போன ஆவணியில் ததேயு
நெற்றியில் கை வைத்து வெகுநேரம் நின்றான்.
"மச்சான், பூனைக்கு வாலைக் காணோம்."
மேகமாயிருக்கும் என்றேன்.
மேகம் போயிற்று.
வால் வரவில்லை.
அடுத்த மாதம் இடுப்பும் இல்லை.

ஈயக்கட்டியில் சோப்புத் தடவி
இறக்கி இறக்கித் தேடினோம்.
மூன்று முறை கருமணல் ஒட்டி வந்தது,
ஒரு முறை சேறு.
டீசல் தீரும்முன் திரும்பினோம்.

கரையில்
அலைத்தடுப்புக்குக் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
லாரியின் பின்கதவு திறந்து
ஆளுயரக் கல் ஒன்று தண்ணீரைப் பார்த்து உருண்டது.
வெடி வைத்த பக்கம் புதுவெள்ளை,
மறுபக்கம் மலைவெயிலின் பழைய கருப்பு,
வெடிப்பில் ஒரு கொத்துக் காய்ந்த புல்,
ஓர் ஓணான்,
எங்கே வந்தோம் என்று தெரியாமல் தலையாட்டியபடி.

ததேயு சிரித்தான்.
"வாலு" என்றான்.
பிறகு சிரிக்கவில்லை.

ஆனியில் கடல் அந்தக் கற்களை
இரவெல்லாம் இடம் மாற்றி மாற்றி வைத்தது,
வாடகை வீட்டுக்கு வந்த புதுமருமகள்
பாத்திரம் அடுக்குவதுபோல,
சத்தமாய்.
எப்ரோசியா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.
நான் தூங்கினேன்.

இப்போது செல்போன் கோபுரத்தில் கணியம் பார்க்கிறோம்.
அது நகராது என்கிறான் ததேயு.
மலையையும் அப்படித்தான் சொன்னான்.

நேற்று நீர் வற்றிய நேரம்
தடுப்புச்சுவரின் அடியில் முங்கினேன்.
கண் எரிந்தது.
கை தடவிப் போன இடமெல்லாம் சொரசொரப்பு.
நகமளவுச் சிப்பிகள்
வரிசை எதுவும் இல்லாமல்
பூனையின் முதுகு முழுக்க.

பறிக்கவில்லை.
சின்னது.