இடது கால் செருப்பு

கொட்பேயில் ஐஸ்கட்டி இறக்குகிற எனக்கு
முதுகு என்று ஒன்று இருப்பது
நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.
பங்குனி மாதம், மூன்றாவது லொறி,
குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன்.
"கீழே காசு கிடக்குதோ?" என்றான் றெஜினோல்ட்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் கதை என் முதுகுதான்.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளி என்றார் சம்மாட்டி.
கிண்ணியாவில் ஒரு பரிசாரியார்,
தடவினாலே நழுவின தட்டு உள்ளே போகும்,
மச்சானுக்குப் போனது என்றான் ஓட்டோ நஸ்ருதீன்.
"எலும்பு டொக்டரைச் சனல் பண்ணுங்கோ" என்றாள் தவமலர்.
முதுகில் இருப்பது எலும்புதானே,
அவளைப் பிழை சொல்ல ஏலாது.

எலும்பு டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
தின்று முடித்த பாரையின் நடுமுள் மாதிரி
நான்.
"தேய்வு. பாரம் தூக்க வேண்டாம்" என்றார்.
பாரம் தூக்காமல் வேறென்ன செய்கிறது என்று
எந்த டொக்டரிடம் கேட்பது?
இடுப்புப் பட்டி வாங்கினேன், புழுங்கிற்று.

வாத டொக்டர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார்.
எண் முப்பத்தொன்று. இரவு பத்தேகால்.
"விடிய எழும்பேக்க விறைக்குதா,
நடக்க நடக்க இளகுதா?"
இல்லை ஐயா, நடக்க நடக்கத்தான் கூடுது.
"அப்ப நீங்க என்ர ஆள் இல்ல."
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
காசு திரும்பி வரவில்லை.

இதற்குள் வலி இடுப்பில் நிற்காமல்
உவர்மலை இறக்கத்தில் விட்ட சைக்கிள் போல
பின்தொடை, கெண்டைக்கால், புறங்கால் என்று இறங்கி
பெருவிரலில் வந்து மணியடித்தது.

ஆனியில் ஒருநாள் எல்லாம் நின்றது.
விடிந்து எழும்பினால் வலி இல்லை.
தவமலர் கோணேசருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாள்.
மலையேறி உடைத்தோம். சரிபாதியாய்ப் பிளந்தது.
இறங்கி வரும் வழியில் கோட்டை வாசலடியில்
சோளம் விற்கிற பெட்டை கத்தினாள்:
"ஐயா, உங்கட செருப்பு!"

திரும்பினேன்.
ஐம்பதடிக்குப் பின்னால் தார் வீதியில்
என் இடது கால் செருப்பு.
ஒரு புள்ளிமான் அதை மோந்துகொண்டு நின்றது.
மத்தியான வெயில், கொதிக்கிற தார்,
செருப்பு கழன்றதை
என் கால் எனக்குச் சொல்லவில்லை.

வெளிநோயாளர் பிரிவில் இருந்தது சின்னப் பிள்ளை.
நிபுணரும் இல்லை, ஒன்றும் இல்லை,
இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத கண்கள்.
படத்தை அவள் கேட்கவேயில்லை.
"குதிக்காலில நடவுங்கோ" என்றாள்.
வலது கால் நடந்தது.
இடது பாதம் நனைந்த சாக்கு மாதிரி விழுந்தது.
பஞ்சால் தொட்டாள். ஊசியால் தொட்டாள்.
எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.
"சலம் போறது தெரியுதா?"
சுவரைப் பார்த்துக்கொண்டு தெரியுது என்றேன்.

"வலி போனது சுகம் வந்து இல்ல, அண்ணை.
நரம்பு கத்திக் கத்திக் களைச்சுப் போச்சு.
இதுக்கு நரம்புச் சத்திரசிகிச்சைக்காரர்தான்.
கண்டி. இண்டைக்கே."
"வெட்டுவினமோ?" என்றாள் தவமலர்.
"அதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.
வெட்டினாலும் வெட்டாட்டியும் பிறகு
நடக்கப் பழக்கிறதுக்கு இன்னொரு ஆள் வேணும்."
கடிதத்தை எழுதி, இரண்டு இடத்துக்குப் போனும் எடுத்து,
பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

நாலு மணி பஸ்.
சட்டைப் பையில் கடிதம், மடியில் படங்கள்,
பக்கத்தில் தவமலர், வாயில் தேவாரம்.
கந்தளாய் தாண்டி இருட்டிவிட்டது.
முதுகு டொக்டர் என்று ஒருவர் இருக்கிறார்,
அவரைக் கண்டுபிடித்தால் போதும் என்றுதான்
நாலு மாதம் அலைந்தேன்.
கேட்க வேண்டியது காலை.

செருப்பைக் கழற்றிவிட்டு
ஒருவருக்கும் தெரியாமல் சொல்லிப் பார்க்கிறேன்:
பெருவிரலே, எழும்பு.
கொஞ்சம் எழும்பிற்று.
இல்லை, பஸ்தான் குழியில் விழுந்ததோ,
தெரியவில்லை.
திரும்பவும் சொல்கிறேன்.