வட்ட விரிப்பு

பன்னிரண்டு பக்க ஒப்பந்தம்.
தீ, வெள்ளம், போர், கொள்ளைநோய்
எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருந்தது.
கோ பூன் டெக்கின் மனம் மாறினால்
என்பதற்கு இல்லை.

அவருடைய ஹோட்டலில் கட்டில்கள் வட்டம்.
வட்டத்தை மடிக்கும் இயந்திரம்
ஒசாகாவிலிருந்து வந்தது.
வேறெந்த விரிப்பையும் கசக்கித் துப்பிவிடும்.
செனோக்கோவில்
என் சலவைக்கூடத்துச் சுவரை இடித்துத்தான்
உள்ளே இறக்கினோம்.
கடன் ஏழாண்டு.

பூசிய சிமெண்ட் காயவில்லை, போன் வந்தது.
"விரிப்புக்கு மூன்று வெள்ளி நாற்பது அதிகம், மேடம்.
இரண்டு பத்து. சந்தை நிலவரம்."

சந்தையா?
இந்தத் தீவில் வட்ட விரிப்பு வெளுப்பவள் நான் ஒருத்தி,
வெளுக்கக் கொடுப்பவர் அவர் ஒருவர்.
இதற்குப் பெயர்
நடுமாடியில் நின்றுபோன லிஃப்ட்.

தாவூத் கணக்குப் போட்டான்:
"ஒன்று எண்பதுக்கு மேல் எது வந்தாலும்
மூடுவதைவிட மேல், அக்கா."
அந்த ஒன்று எண்பது
கோவுக்கும் தெரிந்திருந்தது.

வியாழன் இரவு
அவருடைய இருநூறு விரிப்புகள்
என் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன.
வெள்ளிக்கிழமை ஹோட்டல் நிரம்புகிறது.
ஸ்விட்சில் கை வைத்தேன்.
வெட்கமாக இருந்தது.
எடுக்கவில்லை.

இரண்டு எழுபதில் முடிந்தது.
பதின்மூன்றாம் பக்கம் ஒன்று சேர்த்தோம்.
கையெழுத்திடும்போது இருவருமே
எதையோ யோசித்தோம், எழுதவில்லை.

நேற்று வந்திருந்தார், கையில் ஆரஞ்சுப் பழங்களோடு.
செந்தோசாவில் புது ஹோட்டல் கட்டுகிறார்.
"இன்னொரு இயந்திரம் வாங்கிவிடுங்களேன், மேடம்."

கட்டில் என்ன வடிவம்
என்று கேட்டேன்.