உருளாதது

ஜெலுத்தோங் சாலைக் கடையில்
இரவே எண்ணெய் பூசி அடுக்கிய மாவு உருண்டைகள்
நூற்று இருபது.
விரலே எண்ணிக்கொள்ளும்.
மேசைமேல் வீசி வீசி
உருண்டையைத் தட்டையாக்குவது என் பிழைப்பு.

ரத்தத்துக்குள் இதற்கு நேர்மாறாக
ஒரு நொதி வேலை செய்கிறதாம்.
டாக்டர் கூ சியூ லிங்
மருந்துச் சீட்டின் பின்னால் வரைந்து காட்டினார்:
தட்டைத் தட்டையாய் மிதக்கும் துணுக்குகள்,
அவற்றின் மேலேயே ஒட்டிக்கொண்டு
உள்ளே போக வழியில்லாத கொலஸ்ட்ரால்.
நொதி வந்து
ஒரு கொழுப்பு வாலை அதற்கு முடிந்துவிட்டால் போதும்,
தண்ணீருக்குக் கூசி உள்ளே ஒளியும்.
தட்டை உப்பி உருண்டையாகும்,
கல்லீரலுக்கு வண்டி ஏறும்.

“உங்கள் உடம்பில் அந்த மாஸ்டர் வேலைக்கு வரவில்லை.”
லீவா, என்றேன்.
“நீங்கள் பிறந்ததிலிருந்தே.”

நல்ல கொழுப்பு
நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் நான்கு.
கருவிழி முழுக்க வெண்புகை.
இந்த நோய்க்கு மீன்கண் என்று பெயர் என்றதும்
சிரித்துவிட்டேன்.
எங்கள் மொழியில் அது
பெண் பார்க்கப் போகிறவன் சொல்லும் சொல்.
அவர் சொன்னது
பாசாரில் துள்ளுவதை அல்ல,
குழம்பில் வெந்து
நம்மைப் பார்க்காமல் பார்க்கும் தலையை.

அப்பா கட்டியது சொந்த மாமன் மகளை.
சொத்து வெளியே போகக் கூடாதாம்.
இருந்த சொத்து ஒரு தையல் மிஷின், இரண்டு பசு.
போகாமல் தங்கியது இது.

ஞாயிறன்று பட்டர்வொர்த்திலிருந்து
கோகிலம் அக்கா ஃபெரியில் வந்தாள்,
மடியில் பழத்தட்டு.
லோகனுக்கு யோகமலரைக் கேட்டாள்.
“முறைதானேடா, இதில் யோசிக்க என்ன?”
என் பிள்ளையிடம் பழுது ஒன்று நிச்சயம்.
அக்காவிடம் இருக்கலாம், லோகனிடம் இருக்கலாம்.
இதை எப்படிச் சொல்வது,
தே தாரிக் ஆறுவதற்குள்?
முதலில் பையனுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம்
என்றேன்.

அக்கா எழுந்தாள்.
எங்கள் வீட்டு ரத்தத்துக்கு என்னடா குறை என்றாள்.
அது உன் வீடுந்தான் என்று நான் சொல்லவில்லை.
தட்டைத் தூக்கிய வேகத்தில்
ஓர் ஆரஞ்சு எங்கேயோ உருண்டது.
சத்தம் மட்டும் கேட்டது எனக்கு.

லோகன் யாருக்கும் சொல்லாமல் போய்
ஊசி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தானாம்.
யோகமலர் சொன்னாள்,
அடுப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு.
ரிசல்ட் வியாழன்.

இன்று புதன். மணி ஐந்து.
தெருவிளக்கு ஒவ்வொன்றும் பஞ்சு மூட்டை.
மாவுக்குக் கை நீட்டினேன்,
மேசைக்கடியில் குளிர்ச்சியாய்
தோல் தடித்த ஓர் உருண்டை.
எடுத்து, கழுவி,
கல்லாப்பெட்டிமேல் வைத்தேன்.